ஆறு பார்த்து ஏற்றும் விளக்கு

மகன், உனக்கு என் ஸலாம். இதற்கு உன்னிடமிருந்து பதில் வர இன்னும் பதினைந்து வருஷமாவது ஆகும். இதை எழுதும் இன்றைக்கு உனக்கு ஐந்து வயது நிறைய இரண்டு மாதம் இருக்கிறது. பாடசாலை விடுமுறை. நீ வாசலில் உம்மம்மாவோடு மணலில் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறாய். இரண்டு வரி எழுதுவதும், எழுந்துபோய் உன் தலை தெரிகிறதா என்று ஜன்னலால் பார்ப்பதும், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுவதுமாக இருக்கிறேன். இப்படித்தான் உன்னை வளர்க்கிறேன். "உம்மா என்னை ஒரு மூச்சு விடக்கூட விடமாட்டா" என்று வளர்ந்த பிறகு நீ யாரிடமாவது சொல்லியிருப்பாய். சொல்லு, குற்றமில்லை. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை ஐந்து வருஷம் பிந்தி எழுதுகிறேன். இன்னும் பிந்தினால் வேறு யாருடைய வாயிலிருந்தோ கேட்டுவிடுவாய். அவர்கள் சொல்லும் கதையில் நான் ஒன்றில் கொலைகாரியாக இருப்பேன், இல்லாவிட்டால் அவுலியாவாக, பெரிய மகானாக இருப்பேன். இரண்டும் நானில்லை.

நேற்று உன் வாப்பாவின் நினைவுக்குக் கத்தம் ஓதி, சோறு பகிர்ந்து முடிந்ததும் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாய்: "உம்மா, ஊருல எல்லாரும் நேத்து கத்தம் ஓதி முடிச்சிட்டாங்க. நாம மட்டும் ஏன் இண்டைக்கு?" நான், "ஆலிம்சாவுக்கு நேத்து நேரமில்ல மனே" என்றேன். நீ விடவில்லை. "ஒவ்வொரு வருசமுமா நேரமில்ல?" உம்மம்மா சிரித்துவிட்டார். உண்மை என்னவென்றால், சுனாமியில் மவுத்தான எங்கள் ஊர்ச் சனம் முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மவுத்தானவர்கள். உன் வாப்பா அப்படியில்லை. மஃரிப் பாங்கோடு நமக்கு நாள் மாறிவிடும். ஞாயிறு பொழுது விழுந்தால் அது திங்கள் இரா. உன் வாப்பா அந்தத் திங்கள் இராவில் மவுத்தானவர். அலை அவரை எடுக்கவில்லை. அலை அவருடைய மீன்பிடி போட்டுக்குக் கீழால் அவருக்கே தெரியாமல் போயிற்று. அவரைக் கரைக்குக் கூப்பிட்டது நான் ஏற்றிய விளக்கு.

அந்த விளக்கு இருந்த இடத்தை உனக்கு முதலில் சொல்லவேண்டும். எங்கள் ஆறு கடலில் விழும் இடத்தில், வடகரையில், ஒரு சின்ன வெளிச்சவீடு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வயல் வட்டைகளின் நெல்லையும் காட்டு மரத்தையும் ஏற்றிப்போக வந்த பாய்த்தோணிகளுக்காகக் கட்டியது. கடல் வெளிச்சவீடுகள்போல் உயரமானதல்ல, ஆற்றுக்கு வாசல் காட்டுவதற்கு மட்டும். முப்பத்தாறு படி. மேலே வட்டமான விளக்கறை, கடல் பக்கம் கண்ணாடி, ஆற்றுப் பக்கம் பலகைக் கதவுபோட்ட சின்ன ஜன்னல். கடலிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான்: வெளிச்சத்தை வலக்கைப் பக்கம் வைத்து உள்ளே வா. என் வாப்பாதான், உன் மூத்தவாப்பாதான், அதன் கடைசி விளக்குக்காரர்.

அவருடைய வேலை விளக்கேற்றுவது என்று ஊர் நினைத்தது. உண்மையில் அவர் வேலை ஆறு பார்ப்பது. எங்கள் ஆற்றுவாய் ஓரிடத்தில் நிற்பதில்லை. கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் ஏறி வயல் மூழ்கப்போகிறது என்றதும் வட்டைக்காரர் மண்வெட்டியோடு வந்து மணலை வெட்டிவிடுவார்கள். மீன்பிடிகாரர் "இப்ப வெட்டாதீங்கடா, மீனெல்லாம் கடலுக்குப் போயிரும்" என்று கத்துவார்கள். இரண்டு பக்கமும் ஏசி முடிய, ஆறு தனக்குப் பிடித்த இடத்தால் போய்விடும். அதனால் வாப்பா ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நீளக் கம்பு ஒன்றோடு ஆற்றுவாய்க்குப் போவார். செருப்பைக் கழற்றி என் கையில் தருவார். தண்ணீரில் இறங்கி ஆழம் பார்ப்பார். வாய் பழைய இடத்தில் இருந்தால் விளக்கு. மாறியிருந்தாலோ அடைபட்டிருந்தாலோ அன்றைக்கு விளக்கில்லை. கரையில் இருட்டைக் கண்டால் போட்காரர்கள் வெளியிலேயே நங்கூரம் போட்டு விடிய வெள்ளாப்பு வரை இருப்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைச் சோம்பேறி என்றார்கள். "அந்த மனுசன் மாசத்துல பத்து நாள் நித்திரை" என்று கடையில் பகிடி பண்ணினார்கள். வாப்பா ஒன்றும் சொல்லமாட்டார். இருட்டும் அவருடைய வேலைதான்.

பிறகு சண்டைக் காலத்தில் கரையில் வெளிச்சமே கூடாது என்று கட்டளை வந்தது. விளக்கு நின்றது. சாவியை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. வாப்பா மவுத்தாகி, வீடு எனக்குச் சீதனமாக வந்தபோது, வீட்டுச் சாவி வளையத்திலேயே வெளிச்சவீட்டுச் சாவியும் கிடந்தது. கலியாணம் முடித்த முதல் கிழமை உன் வாப்பா அந்த வளையத்தை ஆட்டிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாருக்கும் மாமனார் ஒரு வீடு குடுப்பாரு. எனக்கு ரெண்டு வீடு. ஒண்டுல சமைக்கக் குசினி இல்ல." அவர் அப்படித்தான், மகன். சின்ன விஷயத்தில் சிரித்துவிட்டுப் பெரிய விஷயத்தை என்னிடம் விட்டுவிடுவார். சண்டை நிறுத்தம் வந்து கடலுக்குப் போக விட்டார்கள். அவரும் பக்கத்துத் தமிழ் ஊர் பெரியநீலாவணைத் தவராசா அண்ணனும் ஒரு போட்டில்தான் தொழில். இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்த காலம். இவர் அங்கே போனால் அங்கே ஏச்சு, அவர் இங்கே வந்தால் இங்கே ஏச்சு. "கடல்ல மட்டும்தான் எங்களுக்கு ஏச ஆளில்ல" என்பார் உன் வாப்பா. சண்டை நின்றும் வெளிச்சவீட்டை மட்டும் எவரும் நினைக்கவில்லை. சாவி என்னிடமே கிடந்தது.

அந்த ஞாயிறு வெள்ளாப்பில் நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அவரைக் கடலுக்கு அனுப்பினேன். நீ ஏழு மாதம் வயிற்றில். வெளிச்சம் வந்ததும் நானும் உம்மாவும் வீட்டைப் பூட்டிவிட்டு மேற்கே சவளக்கடையில் சாச்சி வீட்டுக்குப் போனோம். அங்கேதான் செய்தி வந்தது. முதலில் ஒரு ட்ரக்டர் நிறையச் சனம், பிறகு பத்து, பிறகு எண்ணமுடியாத அளவு. எல்லாரும் மேற்கே வந்தார்கள். நான் உம்மாவுக்குச் சொல்லாமல் கிழக்கே நடந்தேன். ஒரு பொடியன் சைக்கிளை நிறுத்தி, "ராத்தா, எங்க போறீங்க? கடல் திரும்ப வருது!" என்று கத்தினான். நான் வாய்க்கால் கட்டால் போய்க்கொண்டே இருந்தேன். கொஞ்சத் தூரத்தில் வெளிச்சவீடு தெரிந்தது. அது அங்கிருந்து தெரியக்கூடாது, மகன். இடையில் ஒரு ஊர் இருந்தது. வீடுகள், பள்ளி, தென்னந்தோப்பு. அவை ஒன்றும் இல்லாததால் அது தெரிந்தது.

கரைக்கு வந்தபோது அஸர் நேரம் முடியப்போகிறது. சத்தமே இல்லை. நாய் இல்லை, காகம் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுக் கட்டு மட்டும் மணலில் வட்டமாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வாளி, நிமிர்ந்தபடி, விளிம்பு வரை தெளிந்த தண்ணீரோடு. யாரோ அள்ளி வைத்துவிட்டு இப்போதுதான் உள்ளே போனதுபோல. உள்ளே என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. அந்த வளையத்தில் இருந்த மற்றச் சாவிக்கு மட்டும்தான் இனிக் கதவு இருந்தது.

வெளிச்சவீட்டுக் கதவு பூட்டியபடியே நின்றது. முதல் பத்தொன்பது படி ஈரம். ஒரு படியின் குழியில் சின்ன மீன் ஒன்று உயிரோடு கிடந்தது. இருபதாம் படியிலிருந்து தூசி. மேலே விளக்கறையில் வாப்பா மடித்து வைத்த துடைக்கிற சீலை அதே மடிப்பில் இருந்தது. மூலையில் மண்ணெண்ணெய்த் தகரம். விளக்கின் பித்தளை எண்ணெய்த் தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, திரியை ஏற்றினேன். கரை முழுவதும் இருட்டப்போகிறது, கரண்ட் இல்லை, அவர் எங்கே வருவது என்று தெரியாமல் நிற்பார் என்று நினைத்தேன். அது மட்டும்தான் நினைத்தேன்.

ஆற்றுப் பக்க ஜன்னலை நான் திறக்கவில்லை. இதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும், மற்றதெல்லாம் இதைச் சுற்றி. வரும் வழியில் ஆற்றுப் பக்கம் செத்தவர்களின் மையித்துகள் ஒதுங்கிக் கிடப்பதைக் கடைக்கண்ணால் கண்டேன். ஜன்னலைத் திறந்தால் அதற்குள் அவர் கிடப்பதைப் பார்த்துவிடுவேனோ என்று பயம். பார்க்காவிட்டால் அவர் கடலில் இருப்பார். அப்படித்தான் அந்த நேரம் என் புத்தி கணக்குப் போட்டது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள், விளக்குக்காரரின் மகள், ஆறு பாராமல் விளக்கேற்றினேன். அலை பழைய வாயை மணலாலும் உடைந்த ஆற்றுப் பாலத்தின் கொங்கிரீட்டாலும் நிரப்பிவிட்டு, வெளிச்சவீட்டுக்கு வடக்கே புதிதாக ஒரு வாய் திறந்திருந்தது. அந்த ஜன்னலால் ஒரு பார்வை போதும். பார்த்திருந்தால் விளக்கை அணைத்திருப்பேன்.

கதவைப் பூட்டிவிட்டு இறங்கினேன். ரோட்டில் மறுபடியும் "கடல் வருது" என்று ஓட்டம். ஒரு ட்ரக்டர்க்காரர் என்னைப் பிடித்து ஏற்றினார். வாய்க்கால் கட்டுத் திரும்பும் இடத்தில் பின்னால் பார்த்தேன். பூரணை நிலவு கடலுக்கு மேலே வந்திருந்தது. வெளிச்சவீடு வெள்ளையாகத் தெரிந்தது. விளக்கறை இருட்டாக இருந்தது. காற்று அணைத்துவிட்டது என்று நினைத்தேன். "நிப்பாட்டுங்க, நான் திரும்பப் போகணும்" என்றேன். "வயித்துப் புள்ளையோட உசிரு வேணாமா ராத்தா?" என்றுவிட்டு அவர் நிற்கவில்லை.

அடுத்த நாள் நடுப்பகல் லுஹருக்கு முன் உன் வாப்பாவை மையித்து வரிசையில் கண்டேன். அடையாளம் சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் போனேன், இப்போது பார்ப்பதற்குப் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுடைய போட் பழைய வாயில், பாலத்துக் கொங்கிரீட்டுக்கு மேலே, பிளந்து கிடந்தது. எந்த இடத்திலும் மேலே கிடப்பதுதான் பிந்தி வந்தது. பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு முதல் வருஷத்தில் சொல்லித்தந்த பாடம் அது. அலை கொங்கிரீட்டைக் கொண்டுவந்து போட்டது காலையில். போட் அதற்கு மேலே ஏறியது அதற்குப் பிறகு. தவராசா அண்ணன் ஊருக்கு வேறு கதை சொல்லியிருந்தார்: அன்றைக்கு உன் வாப்பா கடலுக்கு வரவில்லை, கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார், அலை எடுத்தது, தான் மட்டும் தனியே போய், இரவு வெளிச்சவீட்டில் ஆளில்லாமல் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்து நீந்திப் பிழைத்ததாக. அவர் பொய் சொல்கிறார் என்று அறிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். ஏன் சொல்கிறார் என்று தெரியவில்லை.

நான் இத்தாவில் இருந்தேன். நீ பிறக்கும் வரை வெளி ஆண்களைக் காணாமல், வாசல் தாண்டாமல். கதை மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். விளக்கு விடிய சுபஹு வரைக்கும் எரிந்ததாம். புகையே இல்லையாம். பச்சை வெளிச்சமாம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். நீ பிறந்து, நான் வெளியே வந்து பார்த்தபோது வெளிச்சவீட்டு வாசலில் அவுலியாவின் இடம் என்று பச்சைக் கொடி கட்டி, சாம்பிராணி போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு என் ஒவ்வொரு நாளும் இரண்டு நினைவுக்கு நடுவே போயிற்று. அந்த வெளிச்சம் என்னுடையது என்றால், உன் வாப்பாவைக் கொன்றது நான். என்னுடையது அல்ல, அது அணைந்ததை நான் கண்ணால் கண்டேன் என்றால், எரிந்தது என்ன?

வருஷாவருஷம் ஊர் கத்தம் முடிந்த அடுத்த நாள் தவராசா அண்ணன் எங்கள் வாசலுக்கு வருவார். நான் அந்த நாளில் ஓதுகிறேன் என்று நான் அவருக்குச் சொன்னதில்லை. கருவாட்டுப் பொட்டலத்தை உன் கையில் தருவார், உன் தலையைத் தடவுவார், "வாறன் தங்கச்சி" என்பார். உள்ளே வரமாட்டார். எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடுவார். நீ அவரைப் "பேசாத மாமா" என்பாய். அவர் போனபின் நான் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு மனிதன் சரியான நாளில் வருவதைப்போல் பயமுறுத்துவது வேறொன்றும் இல்லை.

இந்த வருஷம் சண்டை முடிந்தது. இராத் தொழிலுக்குப் போகலாம் என்றார்கள். ஊரில் ஒரு குழு கூடி, வெளிச்சவீட்டைத் திருத்தி, சுண்ணாம்பு அடித்து, நினைவு நாளன்று விளக்கேற்றிப் பாதுகாப்பது என்று முடிவெடுத்தார்கள். வரலாற்று ரீச்சர் என்று என்னிடம் கல்லில் வெட்ட ஒரு வரலாறு எழுதிக் கேட்டார்கள். சாவி என்னிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பூட்டை உடைக்கப்போவதாகச் சொன்னார்கள். உடைக்குமுன் நான் ஒரு பகலில் தனியே போனேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முப்பத்தாறு படி. விளக்கின் மூடியைத் திருகினேன். தாங்கியில் எண்ணெய் விளிம்புக்கு ஒரு விரல் கீழேதான் நின்றது. திரி நுனி மட்டும் கறுத்திருந்தது. இரவு முழுவதும் எரிந்த விளக்கில் எண்ணெய் இருக்காது, மகன். என் கண் பொய் சொல்லவில்லை. என் விளக்கு அரை மணித்தியாலம்கூட எரிந்திருக்காது. அது ஆறுதலாக இருக்கவேண்டும். இருக்கவில்லை. அப்படியென்றால் இரவு முழுவதும் எரிந்தது எது? பிறகு ஆற்றுப் பக்க ஜன்னலை, அந்த ஜன்னலை, திறந்தேன். வாய் இன்னமும் வடக்கேதான். பழைய வாயில் அடம்பன்கொடி படர்ந்த மணல் மேடு. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. ஆனால் அங்கிருந்து ஆறு கடலில் விழும் இரைச்சல் வந்தது. ஊரில் எல்லாரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எவரும் கதைப்பதில்லை.

இந்த விளக்கை ஏற்றினால் என்ன நடக்கும் என்று அங்கே நின்று எனக்குத் தெரிந்துவிட்டது. குழுவுக்குச் சொல்லவேண்டும். சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். உன் உம்மாதான் உன் வாப்பாவைக் கொன்றாள் என்று ஊர் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லுமே என்று நினைத்தேன். பேசாமல் ஆறு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். எழுதியும் வைத்தேன். அழகாக இருந்தது.

கூட்டம் மீனவர் சங்கக் கட்டடத்தில். தலைவர் ஹாஜியார் நல்ல மனிதர், வாய் ஓயாது. "ரீச்சர், ஆறு வரிக்கு மேல வேணாம். எழுத்துக் கூடினா கல்லு வெடிச்சிரும் எண்டு வெட்டுறவன் பயப்புடுறான்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "அவவா? எண்ட மகன் அவட வகுப்பு. ஒரு ராசா மவுத்தாக நாலு கொப்பி எழுதி முடிஞ்சிது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் கையைக் காட்டி அடக்கிவிட்டு, "முதலாவது வரியில அந்தச் சுனாமி ராவு எரிஞ்ச அவுலியாட வெளிச்சத்த எழுதணும்" என்றார். நான் எழும்பினேன். கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ஹாஜியார், அந்த விளக்க ஏத்தினது அவுலியா இல்ல. நான்."

"ரீச்சர் பகிடி விடுறா" என்றார் ஒருவர். நான் சாவியை மேசையில் வைத்தேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு பாராததையும், போட் மேலே கிடந்ததையும். ஹாஜியாரின் முகம் இறுகியது. "இத்தின வருசம் ஏன் மூடி வச்ச?"

"இத்தாவுல இருந்தன் ஹாஜியார். வெளிய வரக்குள்ள நீங்க கொடி கட்டிட்டீங்க. மறுகா எனக்கு வாய் வரல்ல."

"சரி, அது நடந்து முடிஞ்ச கதை. இப்ப ஆறு எங்க இரிக்கி எண்டு நம்மட ஆக்களுக்குத் தெரியாதா?"

"பகல்ல தெரியும். இருட்டுல வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கை பழகினபடி அத வலக்கையில வச்சு வருவாங்க. நேரா அந்தக் கொங்கிரீட்டுல."

கதவடியில் ஒரு கதிரை நகர்ந்தது. தவராசா அண்ணன். "அவ சொல்றது சரி" என்றார். "நாங்க ரெண்டு பேரும் அப்பிடித்தான் வந்து ஏறின. நான்தான் பொய் சொன்ன."

கூட்டம் முடிந்து அவரும் நானும் வெளிச்சவீட்டுக்கு நடந்தோம். ஐந்து வருஷமாக வாசலில் விழுங்கியதை அவர் வழியில் சொன்னார். நடுக்கடலில் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பகலில் திரும்பி வரும்போது கதவுகளும் மாடுகளும் மிதந்து வந்தன. பயந்து வெளியிலேயே நின்றார்கள். "இருட்டினாப் பிறகு வெளிச்சத்தக் கண்டம். மச்சான், விடியட்டும், நிப்பம் எண்டு நான் சொன்னன் தங்கச்சி. அவன் கேக்கல்ல. 'சாவி எண்ட பொஞ்சாதிக்கிட்டத்தான் இரிக்கி. வேற ஆரு ஏத்துற? அவ விளக்குக்காரர்ர மகள்டா. ஆறு பாக்காம ஏத்தமாட்டா' எண்டான். சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார். "இந்தச் சொல்லக் கொண்டுவந்து உனக்கு எப்பிடித் தாற? ஒவ்வொரு வருசமும் வந்தன். புள்ளட முகத்தக் கண்டா ஏலாமப் போகும். அண்டைக்கு ஊருக்கு உண்மையச் சொன்னா ஆரு ஏத்தின எண்டு கேப்பாங்க. நீ புள்ளத்தாச்சி. அதால ஆளில்லாம எரிஞ்ச எண்டன். நான் சொன்ன பொய்க்கு ஊரு கொடி கட்டிற்று."

"விடியுமட்டும் எரிஞ்ச எண்டதும் நீங்க கட்டின கதைதானே அண்ணன்?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல. அது உண்ம. அவண்ட தலைய மடியில வச்சிற்று இந்த இடத்துலதான் இரிந்தன். விடியுமட்டும் எரிஞ்ச."

நான் அவரை மேலே கூட்டிப்போய்த் தாங்கியைக் காட்டினேன். விரலை விட்டு, முகர்ந்து, விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் கதவத் தட்டின. பூட்டு. உள்ளுக்கு ஆரோ படி ஏறுற சத்தம் கேட்ட. நீ எண்டு நினைச்சி, தங்கச்சி, தங்கச்சி எண்டு கூப்பிட்டன். பதிலில்ல. ஏறிக்கிட்டே போன."

"செருப்புச் சத்தமா அண்ணன்?"

"இல்ல. வெறுங்கால்."

செருப்பில்லாத கால் என்றதும் என் வாப்பா என்று ஒரு கணம் நினைத்தேன், மகன். நினைக்க ஆசையாகவும் இருந்தது. ஆனால் வாப்பா என்றால் ஏற்றியிருக்கமாட்டார். ஆறு மாறியது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் இருட்டாகத்தான் விட்டிருப்பார். அப்படியென்றால் யார்? என் படிப்பில் இதற்குப் பதில் இல்லை, ஆலிம்சாவிடம் கேட்க எனக்குத் துணிவும் இல்லை. நீ வளர்ந்து கெட்டிக்காரனாக ஏதாவது காரணம் கண்டுபிடிக்கலாம். நிலவு கண்ணாடியில் பட்டிருக்கும் என்பாய். களைத்துப்போன மனிதர் கனவு கண்டிருப்பார் என்பாய். இருக்கட்டும். எது எரிந்திருந்தாலும், கதவைத் திறந்தது என் சாவி, ஜன்னலைத் திறக்காதது என் கை. உன் வாப்பா கடைசியாக நம்பியது என்னை. இந்த மூன்றும் எந்தக் காரணத்தாலும் மாறாது. உனக்கு நான் தரக்கூடிய புத்தி ஒன்றுதான்: உன்னை ஒருவர் முழுதாக நம்பியிருக்கும்போது, பார்க்கப் பயமான பக்கத்தை முதலில் பார். எனக்கு அது இவ்வளவு பிந்தித்தான் வந்தது.

ஊர் என்னைத் தின்னவில்லை. சிலர் கதைப்பதில்லை. சில பெண்கள் வந்து பேசாமல் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கொடியை ஹாஜியாரே போய் அவிழ்த்தார். நினைவு நாளில் விளக்கேற்றவில்லை. வெளிச்சவீட்டைத் திருத்துவது, சுண்ணாம்பு அடிப்பது, கண்ணாடியைத் துடைத்து வைப்பது, ஆனால் அன்றன்றைக்கு ஆறு பார்த்தவர் கையில்தான் சாவி என்று முடிவாயிற்று. ஆறு பார்க்க இப்போதைக்கு நான் போகிறேன், அஸருக்குப் பிறகு, கம்போடு. வாய் வடக்கேதான் இருக்கிறது. அதனால் விளக்கில்லை. கல்லில் ஆறு வரி வேண்டாம், ஒரு வரி போதும் என்றேன். வெட்டுகிறவருக்குச் சந்தோஷம். "ஆறு பார்த்து விளக்கேற்றுக."

நேற்று தவராசா அண்ணன் முதல் முறையாக உள்ளே வந்து, உனக்குப் பக்கத்தில் பாயில் இருந்து சோறு தின்றார். நீ அவரிடம், "மாமா, நீங்க கதைப்பீங்களா?" என்று கேட்டாய். "ஓம், இனிக் கதைப்பன்" என்றார்.

இந்தக் கடிதத்தோடு சாவியையும் வைக்கிறேன். நான் இல்லாத காலத்திலும் ஊர் ஓதிய அடுத்த நாளில் உன் வாப்பாவுக்கு யாஸீன் ஓது. அதுதான் அவருடைய நாள். யாராவது உன்னிடம் வந்து விளக்கேற்று என்று கேட்டால், கொடியோடு கேட்டாலும் அழுதுகொண்டு கேட்டாலும், முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றுவாய்க்குப் போ. இறங்கிப் பார். இரைச்சலை நம்பாதே, தண்ணீரைப் பார். எந்தப் பக்கம் போகிறது என்று உனக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. மேலே வேறு வெளிச்சம் தெரிந்தால் உடனே போய் அதை அணை. கரை இருட்டாக இருக்கட்டும். இருட்டைக் கண்டால் போட்காரர்கள் வெளியிலேயே நிற்பார்கள்.

உன் வாப்பாவும் நின்றிருப்பார்.